தோளைத் தொட்டால்தான் திரும்புவான்

லிங்கேஸ்வரனைக் கூப்பிட வேண்டுமென்றால் தோளைத் தொட வேண்டும். கண் கேமராவுக்குள் போய்விட்டால் காது அவனுக்குக் கிடையாது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கும் அவனுக்கு இதனால் வந்த பெயரும் உண்டு, கேடும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில் வடம் இழுக்கிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டே பின்னால் நடந்து, நீர்மோர் அண்டாவுக்குள் உட்கார்ந்தவன் அவன். நனைந்த வேட்டியோடு எழுந்து அடுத்த படத்தை எடுத்தான். ஒரு காலில் செருப்பு இல்லை என்பதையும் யாரோ சொல்லித்தான் பார்த்தான்.

எல்லாமே சிரித்துவிட்டுப் போகிற காரியமாக இருக்கவில்லை. மகாராஜபுரத்தில் அவனுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். கொல்லையில் கை கழுவப் போனவன், காயப்போட்டிருந்த மிளகாய் வத்தல் மேல் சாய்வெயில் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டான். செல்போனை எடுத்துக்கொண்டு குத்தவைத்தான். பெண் பாண்டீஸ்வரி காப்பித் தட்டோடு நின்று நின்று, காப்பியில் ஏடு படிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

"வத்தலைப் பாக்க வந்த மாப்பிள்ளைக்கு வத்தலையே கெட்டி வச்சிருங்க" என்றார் பெண்ணின் சித்தப்பா.

அந்தப் பெண் இப்போது சங்கரன்கோவிலில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். லிங்கேஸ்வரனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் பெண் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.

ஒட்டு உறவென்று அவனுக்கு இருந்தது தங்கை முனீஸ்வரி ஒருத்திதான். தாய் போகும்போது அவளுக்கு ஒன்பது வயது, இவனுக்குப் பதினேழு. தகப்பன் ராஜரத்தினம் நூல் மில்லில் ஷிப்டுக்குப் போய்விடுவார். அவளுக்குச் சடை பின்னி, சோறு கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது அண்ணன்தான். பின்னால் அவள் பெரியவளாகி, இவன் ஸ்டுடியோவே கதி என்று ஆனபோது அவள்தான் தூக்குவாளியோடு வந்து நிற்பாள். மூன்று தடவை கூப்பிடுவாள். அப்புறம் தோளைத் தொடுவாள்.

"அண்ணே, மணி நாலு. இன்னைக்குள்ள சாப்பிடுவியா, மாட்டியா?"

அந்தக் கை பட்ட பிறகுதான் அவனுக்குப் பசியே தெரியும்.

மம்சாபுரம் மாரிச்சாமிக்கு அவளைக் கொடுத்தார்கள். ராஜரத்தினம் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். கல்யாணப் படங்களை வேறு ஆள் எடுக்க லிங்கேஸ்வரனுக்கு மனசு வரவில்லை, அவனே எடுத்தான். ஆல்பம் வந்தது. நூற்றெண்பது படம், ஒன்றில்கூட அண்ணன் இல்லை. மாமியார் சுடலையம்மாள் வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் அதைப் புரட்டிப் புரட்டிக் கேட்டாள்: "ஏட்டி, ஒம் பொறந்த வீட்டு ஆளுங்க எந்தப் பக்கத்துல இருக்காவ? நானும் தேடித் தேடிப் பாக்கேன்."

முனீஸ்வரிக்கு இந்து பிறந்தாள். முதல் வருஷமே மொட்டை போட்டுக் காது குத்துவதென்று நாள் குறித்தார்கள். அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு ஒரு நாளு கேமராவைக் கையால தொடாத. பிள்ளைய மடியில வச்சிக்கிட்டு நீ உக்காந்திருக்கிறத எங்க அத்தை கண்ணால பாக்கணும். அம்புட்டுதான் கேக்கேன்."

"பிள்ளை மேல சத்தியமா தொட மாட்டேன்."

"பிள்ளை மேலல்லாம் சத்தியம் பண்ணாத. சும்மா சொல்லு, நம்புதேன்."

சொன்னபடிதான் செய்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜோயலிடம் படம் எடுக்கும் வேலையைக் கொடுத்துவிட்டு, கேமராவை ஸ்டுடியோவில் பூட்டி வைத்தான். பட்டுப்பாவாடை, தங்கக் கம்மல், பழம், இனிப்பு என்று இருபத்தொரு தட்டுச் சீரோடு வேனில் வந்து இறங்கினான். மேளம் முன்னால் போக, புது வேட்டியில் நடந்து வந்த அண்ணனைப் பார்த்து முனீஸ்வரி மாமியார் பக்கம் ஒருதரம் திரும்பிக்கொண்டாள். திரும்பினதே போதும்.

மம்சாபுரத்துக்கு மேற்கே ஓடைக்கரையில் மாரிச்சாமி வகையறாவின் குலசாமி கோயில். மொட்டை போடும்போது லிங்கேஸ்வரன் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தான். பிள்ளை மடியில் கிடந்து கதறியது, அவனும் கூடச் சேர்ந்து அழுதான். குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, காது குத்தத் தூக்கி வந்தார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம். அதற்குள் குத்திவிட வேண்டும். ஆசாரி துண்டை விரித்துத் தங்கக் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

பிள்ளை சுடலையம்மாள் இடுப்பில் இருந்தது. மருதமரத்து இலைக்கு ஊடே வெயில் வந்து அதன் காதுமடலில் பின்பக்கமாக விழுந்தது. மடல் இளந்தளிர் போலச் சிவந்து, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிந்தது. ஜோயல் பிளாஷைப் போட்டு அந்தச் சிவப்பை அடித்து வெளுத்துக்கொண்டிருந்தான்.

"ஏலே ஜோயல், பிளாஷை அமத்துடா. எதிர் வெளிச்சம்லா இது?"

"நீங்களே ஒண்ணு எடுங்க அண்ணாச்சி. நான் செத்த தண்ணி குடிச்சிட்டு வாரேன்."

ஒன்றே ஒன்று என்றுதான் வாங்கினான்.

கண்ணை வைத்தான். கூட்டம் போயிற்று, மேளம் போயிற்று. அந்தச் சின்னச் சதுரத்துக்குள் ஒரு காது மட்டும் இருந்தது. சந்தனத்தில் ஒரு நீர்த்துளி இறங்கி வந்து காது மேட்டில் நின்றது. அவன் மூச்சை அடக்கி எடுத்தான். இன்னொன்று எடுத்தான். மண்ணில் மண்டி போட்டான், புது வேட்டி சேறானது. தான் யார், எதற்கு வந்தோம் என்பதெல்லாம் வேட்டியோடு எங்கோ போயிற்று.

"தாய்மாமன் எங்கப்பா? வரச் சொல்லுங்க" என்றார் ஆசாரி.

இருபது வருஷமாக எத்தனையோ காதுகுத்தில் சொன்ன பழக்கம். கேமராவுக்குப் பின்னாலிருந்து லிங்கேஸ்வரனும் கத்தினான்: "தாய்மாமன் சீக்கிரம் வந்து உக்காருங்க சார், வெளிச்சம் நகருது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"ஏலே, தாய்மாமனே தாய்மாமனத் தேடுதான் பாரு!"

சுடலையம்மாள் சிரிக்கவில்லை. "கெடைச்சா எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. ஆல்பத்துலயும் அவியளத்தான் தேடுதோம்" என்றாள்.

முனீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணனிடம் போனாள். "அண்ணே" என்றாள். "அண்ணே, அண்ணே." தோளைத் தொடக் கையைத் தூக்கினாள். அவள் சேலைத் தலைப்பு படத்தில் குறுக்கே வந்திருக்க வேண்டும்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா, மறைக்குது" என்றான், கண்ணை எடுக்காமல்.

தூக்கின கை அப்படியே நின்றது. தொட்டிருந்தால் திரும்பியிருப்பான். அது அவளைத் தவிர வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? கையை இறக்கிக்கொண்டாள்.

மாரிச்சாமி ஓடி வந்தான். "இரு, மச்சானை நான் தட்டிக் கூப்பிடுதேன். எமகண்டத்துக்கு இன்னும் பத்து நிமிசம்தான் இருக்கு."

"வேண்டாம்" என்றாள். கூட்டத்தின் ஓரத்தில் தேவதானத்துப் பேச்சிமுத்து நின்றிருந்தான். பெரியப்பா மகன், முறைக்கு அண்ணன். கிணற்றுத் தண்ணீர் முறைச் சண்டையில் ராஜரத்தினம் சாவுக்குக்கூட எட்டிப் பார்க்காதவன்; மாரிச்சாமி அழைத்ததற்காக வந்திருந்தான்.

"பேச்சியண்ணே, நீ வந்து உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்தார்கள். கம்பி இறங்கியது, பிள்ளை வீறிட்டது. லிங்கேஸ்வரன் எடுத்துக்கொண்டே இருந்தான். இரண்டாவது காதும் முடிந்து, பிள்ளையின் வாயோரம் கண்ணீர் உருண்டபோது சதுரத்தைக் கொஞ்சம் அகலமாக்கினான். பிள்ளைக்கு மேலே பேச்சிமுத்துவின் முகம் வந்தது. அவனுக்கு உள்ளே எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கின பிறகும் விரல் ஒருதரம் அழுத்தியது. அதற்கப்புறம்தான் கேமராவை இறக்கினான்.

கம்மலை எடுத்துக்கொண்டு ஓடினான். "பிள்ளைய மடியில வச்சவிய போடுததுதான் முறை" என்றாள் சுடலையம்மாள். அவன் தங்கையைப் பார்த்தான். அவள் சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்றும் வந்த வழியே திரும்பின.

பத்து நாள் கழித்து ஜோயல் ஸ்டுடியோவுக்கு வந்தான். "மம்சாபுரத்து அக்கா ஒரே ஒரு படம் கேட்டாவ அண்ணாச்சி. பெருசா பிரேம் போட்டு" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கடைசியாக அழுத்தின அந்தப் படம்தான். லிங்கேஸ்வரன் கம்ப்யூட்டரில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மத்தியானச் சாப்பாட்டு வேளை போயிற்று. ஜோயல் தோளைத் தொட்டபோது திடுக்கிட்டு, "முனீசு?" என்றான். அப்புறம், "காதுச் சிவப்பு சரியா வந்திருக்கா பாருடா" என்றான்.

தங்கை வீட்டுப் படி ஏற அவனுக்கு இரண்டு மாதம் ஆனது.

"வாங்க, உக்காருங்க" என்றாள் முனீஸ்வரி.

பேச்சு வந்த நாளிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்டவள். காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். "என்ன விசயமா வந்தீங்க?"

அவன் காப்பியை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தான். பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி மாவுச் சல்லடை வாங்க வந்தவள், சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"எம்மா, பிள்ளை அழுததே கேக்குத மாதிரில்லா இருக்கு! யாரு எடுத்தது முனீசு?"

முனீஸ்வரி சல்லடையைத் தட்டி அவள் கையில் கொடுத்தாள்.

"ராஜபாளையத்துல ஒரு போட்டோக்காரர். வேலை தெரிஞ்சவர்" என்றாள்.