ஆச்சா, ஆச்சு

போன வருஷம் தை மாசம். நெய்வேலியில, ஓட்டம் நின்னுபோன ஒரு பழைய கூலிங் டவருக்குள்ள, மேல வாய் தொறந்த பெரிய வட்டச் சுவர் அது, எங்களுக்குக் காண்ட்ராக்ட் வேலை. உள்சுவர்ல பெயர்ந்த காரையைத் தட்டி எடுக்கணும். பாதி உயரம் வரைக்கும் சாரம். அதுக்கு அப்பால கயித்துல தொங்கணும். நானும் குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருத்தரும் ஜோடி. அவர் மேல விளிம்புல கயிறு கட்டுவார். நான் சாரத்துல நின்னு "ஆச்சா?"ம்பேன். "ஆச்சு"ம்பார். கயித்தை இழுத்துப் பார்த்துட்டுதான் பெல்ட்டுல கொக்கியை மாட்டிக் காலை எடுப்பேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்துல அவர் போன்ல ஒரு படம் காட்டினார். கதைப் படம் இல்ல, நெசமா நடந்ததை எடுத்தது. செங்குத்துப் பாறை. ரெண்டு பேர், ஒரே கயிறு. மத்தவங்க நாள்கணக்கா ஏறுறதை அவங்க ஓட்டமா ஏறுறாங்க. நேரம் மிச்சமாகணும்னு பாதி இடத்துல கயித்தைப் பாறையில மாட்டறதே இல்ல. பாஷை புரியல. ஒருத்தர் ஒரு வார்த்தை, இன்னொருத்தர் ஒரு வார்த்தை. உடனே காலை எடுத்துடறாங்க.

"நம்ம வேலைதான்யா. மேஸ்திரி இல்ல, அதான் வேகமா போறானுங்க"ன்னார். சிரிச்சோம்.

ஆனா அது மண்டையில ஏறிக்கிச்சு. மறுநாள்லேர்ந்து இழுத்துப் பார்க்கிறதை விட்டுட்டேன். வார்த்தை போதும்னு இருந்துட்டேன். வேலையும் சீக்கிரம் முடிஞ்சுது.

அந்த வாரத்துலயே ஒரு காலையில பனி. டவர் வாய் வெள்ளையா மூடிக்கினு இருந்துது. மேல ஆள் தெரியல. கயிறு மட்டும் அந்த வெள்ளையிலேர்ந்து இறங்கித் தொங்குது.

"ஆச்சா?"ன்னேன்.

கொஞ்சம் கழிச்சு, "ஆச்சு."

கொக்கியைக் கையில எடுத்தேன். ஏன்னு தெரியல, இன்னொரு கை பழையபடி கயித்தை இழுத்துது. கயிறு வந்துது. வந்துக்கினே இருந்துது. மொத்தமும் என்னை உரசிக்கினு கீழ போச்சு. விழுந்த சத்தம் சுவரைச் சுத்தி வந்து அடங்குச்சு.

அப்புறம்தான் மேலேர்ந்து அவர் குரல். "யோவ், ஏன்யா இழுத்தே? சும்மா சுத்தி வெச்சிட்டு, கயிறு விளிம்புல தேயாம அடியில போட சாக்கு எடுக்கப் போனேன்."

"நீதான ஆச்சுன்னே?"

"நான் வாயே தொறக்கலய்யா."

இறங்கி வந்தார். ரெண்டு பேரும் நடுத்தரையில நின்னோம். மறுபடி கேளுன்னார். "ஆச்சா?"ன்னேன். சத்தம் சுவரோட சுத்திப் போச்சு. திரும்பி வரும்போது வால் தேஞ்சு, "ஆச்சு"ன்னு வந்துது. பொறுமையா, தெரிஞ்ச ஆள் சொல்ற மாதிரி. அதுவரைக்கும் அவர் பதில் முந்திக்கிட்டதால அது எங்க காதுல விழவே இல்ல.

"உன் குரல்தான்யா அது"ன்னார், மெதுவா.

வேலை முடியற வரைக்கும் டவருக்குள்ள நாங்க சத்தமா பேசல. கயித்தை இழுத்துதான் கேட்டுக்கினோம்.

இப்பவும் வூட்ல "கேஸை மூடியாச்சா?"ன்னு கேப்பேன். ஆச்சுன்னு பதில் வந்த பிறகும் எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பேன். என் பேச்சுல நம்பிக்கை இல்லையான்னு வூட்டுக்காரி கோவிச்சுப்பா. அவ பேச்சு மேல நம்பிக்கை இருக்கு. என் காது மேலதான் இல்ல.