துத்தி இலையும் எம்.ஆர்.ஐ. படமும்

மானாம்பதியில் மூலத்துக்கு மருந்து கேட்டால் வேதகிரியின் வீட்டைத்தான் கைகாட்டுவார்கள். பிழைப்பு என்னவோ கூலிக்கு வரப்போரம் அண்டை வெட்டுவதும் நெல் அறுப்பதும்தான். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன் துத்தி இலையைத் தின்று தன் மூலத்தைத் தானே விரட்டியவர். அந்த ஒரே நோயாளியின் அனுபவத்தை வைத்து ஊருக்கே நிபுணராகிவிட்டார்.

அதனால் மனைவி செவ்வந்தி ரத்தம் போகிறது என்றபோது நிபுணர் யோசிக்கக்கூட இல்லை. "மூலந்தாம்மே. துத்தி கீது, பயப்படாத."

ஒன்பது மாதம் தினம் ஒரு பிடி இலை பறித்துக் கொடுத்தார். பத்தாவது மாதம் அவள் வயலிலேயே மயங்கி விழுந்தாள். காஞ்சிபுரத்தில் டாக்டரம்மா சதை எடுத்துச் சோதித்து, மலக்குடலில் புற்றுநோய் என்றார். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. படம்தான் சொல்லுமாம்.

வேதகிரியின் கவலை வேறாக இருந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும் படம் துத்தியை மட்டும் விட்டுவிடுமா? ஒன்பது மாதத்து இலையும் பச்சைப்பசேலென்று தெரியும். யார் கொடுத்தது என்று கேட்பார்கள்.

படம் எடுக்கும்போது உடம்பில் உலோகம் கூடாது என்றார்கள். செவ்வந்தி மஞ்சள் கிழங்கு முடிந்த கயிறு கொண்டுவந்திருந்தாள். அதை அவர் கட்டிய பிறகே தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். உள்ளே இயந்திரம் தடதடத்த அரைமணி நேரமும் அதைப் பையில் போடத் துணிவில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சொன்னார்: "குடல் சுவரைத் தாண்டிடுச்சு. பக்கத்துல ரெண்டு நெறிக்கட்டி சந்தேகமா இருக்கு. ஆனா வெட்டி எடுக்கற எல்லை வரைக்கும் இன்னும் போகலை. முதல்ல கதிர்வீச்சு, மருந்து, அப்புறம் ஆபரேஷன். முன்னாடியே வந்திருந்தா இவ்ளோ பாடு இல்ல. எத்தனை மாசமா ரத்தம்?"

"ரெண்டு மாசம்" என்றாள் செவ்வந்தி, புருஷன் பக்கம் திரும்பாமல்.

இலையைப் பற்றிப் படம் மூச்சுவிடவில்லை. தப்பித்தோம் என்று நிபுணரால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஒம்பது மாசங்க. மூலம்னு சொல்லி வூட்ல குந்த வெச்சது நாந்தான். துத்தி குடுத்ததும் நாந்தான்."

டாக்டரம்மா இரண்டை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார்.

வெளியே வந்ததும் செவ்வந்தி சொன்னாள்: "இலைய எங்க துன்னேன்? வாயில வெச்சா வழவழன்னு கீது. ஆட்டுக்குத்தான் போட்டேன். அதுக்கு இன்னா கேடு, நல்லாத்தான் கீது."

"அப்ப ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கலாமே."

"நீதானய்யா பயப்படாதன்னு சொன்ன."

உத்திரமேரூர் பஸ் வந்தது. அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, நிபுணர் மானாம்பதி வரை நின்றுகொண்டே வந்தார். அவள் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது.