முப்பத்திரண்டு சரியாகத்தான் இருந்தது

சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சி சாலைக்கு, பிள்ளைகள் பாஷையில் ‘உயிர் காலேஜு’க்கு, தாம்பரத்திலிருந்து என் மூன்றாம் வகுப்பை ரயிலில் அழைத்துப் போயிருந்தேன். யானையைப் பார்த்து முடித்ததும் தலைகளை எண்ணினேன். முப்பத்திரண்டு, சரியாக இருந்தது. வாசலருகே வகுப்பு லீடர் மேரி என் புடவையை இழுத்தாள்.

“டீச்சர், இந்தப் பொண்ணு நம்ம ஸ்கூல் இல்ல. நம்ம சாந்தியக் காணோம்!”

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அதே நீலப் பாவாடையில் யாரோ ஒரு சிறுமி எங்கள் வரிசையில் நின்றிருந்தாள். எல்லோரும் யானையிடம் திரும்பி ஓடினோம். அங்கே வேறொரு பள்ளியின் வரிசையில் சாந்தி விசும்பிக்கொண்டிருந்தாள்.

“நானும் எண்ணினேங்க, சரியாத்தான் இருந்துச்சு” என்றார் அந்த டீச்சர்.

இப்போது எங்கே போனாலும் தலைகளை எண்ணுவதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். கூப்பிடுவது மேரி. அவளுக்கு ரிஜிஸ்டர்கூட வேண்டியதில்லை.