மாமாவின் நீல பிளேசர்

என் மாமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்காக ஓடியவர். இதை எழுத எனக்கு இப்போது தயக்கம் இல்லை. சொல்லக்கூடாத இடத்தில், சொல்லக்கூடாத நாளில், பத்து வயதில் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டேன். இனி எழுதுவதால் கெடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கலியாணம் கட்டாதவர். ஊரைவிட்டு வந்து குடியேறிய வென்ட்வேர்த்வில்லில் எங்கள் வீட்டுக் கராஜை அறையாக்கி அதில் இருந்தார். கிழமை நாட்களில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றுவார். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓட வைப்பார். வருடத்தில் ஒரு நாள், எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியன்று, அவர்தான் ராசா. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் நடப்பது போலவே நிறத்துக்கொரு அணியாக இல்லங்கள், அணிநடை, இல்ல அலங்காரம் என்று ஒரு குறையும் வைக்காமல் இங்கேயும் நடத்துவார்கள். ஓட்டம் தொடங்கத் துவக்கு வெடிக்க மட்டும் அனுமதி இல்லை. அதனால் மாமா இரண்டு பலகைகளைப் பிணைச்சல் போட்டுப் பூட்டி, படாரென்று அடிக்கிற ஒன்றைச் செய்து வைத்திருந்தார். பெற்றோருக்கான ஓட்டத்தில் டாக்டர் அங்கிள்மாரும் எஞ்சினியர் அங்கிள்மாரும் அவர் காட்டுகிற கோட்டுக்குப் பின்னால் தொந்தியை எக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பலகை கையில் இல்லாத நாட்களில் அவர்களில் எத்தனை பேருக்கு மாமாவின் பெயர் நினைவிருந்தது என்று எனக்குத் தெரியாது.

அந்த வருடம் நான் நீல இல்லத்தின் தலைவி. இதைப் பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று இல்லங்களில் நீலம்தான் சின்னது. அதிலும் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்துவிட, அணிநடைக்கு ஒன்பது பேர்தான் மிஞ்சினோம். சிவப்பு இல்லத்தில் முப்பது பேருக்கு மேல். நான் கராஜில் போய் இருந்து அழுதேன். அப்போதுதான் மாமா கட்டிலுக்குக் கீழே இருந்த சூட்கேசை இழுத்துத் திறந்தார்.

உள்ளே ஒரு கடும்நீல பிளேசர் இருந்தது. பொக்கற்றில் தங்க நூலில், இலங்கைக் கொடியிலுள்ள அதே வாளேந்திய சிங்கம். மாமா அதைத் தடவிக்கொண்டே கதை சொன்னார். தொடக்க விழாவில் சீன அணி வந்தால் மைதானம் நிறைந்துவிடுமாம். மாமாவின் அணி ஒரே பஸ்ஸுக்குள் அடங்குகிற கூட்டம். அறிவிப்பாளர் நாட்டின் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் கடந்து போய்விடுவார்கள் என்று மனேஜருக்குக் கவலை. அதனால் ஆளுக்கு ஆள் இரண்டு கை இடைவெளி விட்டு, மெதுவாக நடக்கச் சொன்னாராம். தொலைக்காட்சியில் பார்த்தால் பெரிய படை மாதிரித் தெரிந்ததாம். மாமா ஓடியது எண்ணூறு மீற்றர். எட்டுப் பேரில் எட்டாவது.

"ஏழாவதா வந்தவன் குளிச்சு வெளிக்கிட்டாப் பிறகுதான் நான் வந்து சேந்தனான்" என்று சிரித்தார். பிறகு சூட்கேசை மூடி, "இதை ஒருத்தருக்கும் காட்டக்கூடாது, பிள்ளை" என்றார்.

காட்டக்கூடாது என்று எதைச் சொல்வார்கள்? அம்மாவின் தாலிக்கொடியை, லொக்கரில் இருக்கும் காப்புகளை. ஆகவே இதுவும் அப்படி விலைமதிப்பான பொருள் என்று நான் விளங்கிக்கொண்டேன். இல்லத் தலைவர்கள் தங்கள் நிறத்தில் மேற்சட்டை போடவேண்டும் என்பது விதி. சிவப்பு இல்லத் தலைவனிடம் கடையில் வாங்கிய புது ஜக்கெற் இருந்தது. என்னிடம் ஒரு பழைய ஸ்வெற்றர்.

போட்டியன்று அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். மாமாதான் என்னைக் காரில் கூட்டிப்போனார். பிளேசர் என் பையில், தோடம்பழங்களுக்குக் கீழே இருந்தது.

ஊரில் சண்டை முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விழா தொடங்குமுன், செத்தவர்களுக்காக எல்லோரும் எழுந்து தலை குனிந்து நின்றார்கள். ஒரு அன்ரி விம்முவது கேட்டது. போட்டியை நடத்திய தலைவர் அங்கிள் ஒலிவாங்கியைப் பிடித்தபடி பேச முடியாமல் நின்றார். அவருடைய தங்கச்சி குடும்பம் முந்தின வருடம் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டது என்று வீட்டில் கதைத்ததைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் துக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மௌனம் எப்போது முடியும் என்று காத்திருந்து, முடிந்ததும் கழிப்பறைப் பக்கம் ஓடினேன்.

பிளேசர் என் முழங்காலைத் தொட்டது. கையை இரண்டு மடிப்பு மடித்துக்கொண்டு வெளியே வந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆசைப்பட்டது நடந்துவிட்டதென்று நெஞ்சை இன்னும் நிமிர்த்தினேன்.

தலைவர் அங்கிள் என் முன்னால் வந்து குனிந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. "இது எங்கையிருந்து, பிள்ளை?" என்றார்.

நான் வாய் திறக்குமுன் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மாமா பலகையோடு ஓடி வந்தார். அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "பழைய உடுப்புக் கடையிலை ரெண்டு டொலருக்கு வாங்கினது. படத்தைப் பாக்காமல் எடுத்துப்போட்டன், அண்ணை" என்றார்.

தலைவர் அங்கிளின் முகம் தளர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். கழற்றி வை என்றிருப்பார்கள், கழற்றியிருப்பேன், மாமா போய்க் கோட்டருகே நின்றிருப்பார். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய பொருளை மாமா இரண்டு டொலர் என்கிறாரே.

"மாமா பொய் சொல்லுறார், அங்கிள். மாமா ஆசிய விளையாட்டுப் போட்டியிலை ஓடினவர். இஞ்ச பாருங்கோ, பேர் இருக்கு."

பிளேசரின் உட்பக்கத்தை விரித்துக் காட்டினேன். மாமாவின் பெயர் வெள்ளை நாடாவில் தைத்திருந்தது. தமிழ் வகுப்பில் ஒரு வசனம் முழுதாகச் சொல்லத் திக்குகிறவள் நான். அன்று ஒரு பிழையும் வரவில்லை.

தலைவர் அங்கிள் அந்தப் பெயரை வாசித்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி மாமாவிடமிருந்த பலகையை வாங்கிக்கொண்டார்.

"வெயிலுக்கை நிண்டு களைச்சிருப்பியள். போய்க் கொஞ்சம் கதிரையிலை இருங்கோ."

காலை பத்து மணிக்கு, இந்த நாட்டு ஆடி மாதக் குளிரில் சொன்னார். மாமா போய்க் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரைகளில் இருந்தவர்கள் தேத்தண்ணி குடிக்க எழுந்து போனார்கள்.

நாங்கள் ஒன்பது பேரும் இரண்டு கை இடைவெளி விட்டு, மெதுவாக நடந்தோம். மூன்று இல்லங்களில் மூன்றாவது. அன்று முழுக்கப் பலகையை வேறு யாரோ அடித்தார்கள். அவர்களுக்கு அது சரியாகச் சத்தம் போடவில்லை.

மாமா அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் போகவில்லை. யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வரச் சொல்லியும் கேட்கவில்லை. பிளேசரை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், தானத்துக்குப் பழைய உடுப்புப் போடும் தொட்டியில் போட்டுவிட்டார். இரண்டு வருடத்தில் மெல்பேர்னுக்கு, ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்துக்கு வேலை மாறிப் போனார். அங்கே தமிழர்கள் யாரோடும் பழக்கமில்லை என்று அம்மா சொல்வார். நான் வளர்ந்த பிறகுதான் மற்றதையும் சொன்னார். மாமா கொழும்பில் பயிற்சி எடுத்த காலத்தில், வழியில் ஆமிக்காரர் மறித்து அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்தால் நாள் முழுக்க இருத்திவைப்பார்களாம். அந்த பிளேசரைப் போட்டிருந்த இரண்டு கிழமையும் ஒருவரும் மறிக்கவில்லையாம். அதைப் போட்டதற்காகவே ஊரில் கூடப் படித்தவர்கள் அவரோடு கதைப்பதை விட்டார்களாம். இத்தனையும் தாண்டி வந்து, ஒரு பலகையைச் செய்து, ஒரு கோட்டருகே இடம் பிடித்திருந்தார். அதை நான் அரை நிமிடத்தில் பறித்தேன். மன்னிப்புக் கேட்க இரண்டு தரம் மெல்பேர்ன் போனேன். இரண்டு தரமும் வேறு கதை கதைத்துவிட்டுத் திரும்பினேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மாமா காரை ஓட்டினார். நான் யோசித்தேன். எட்டாவதாக வந்தது வெளியே தெரிந்துவிடும் என்ற வெட்கத்தில்தான் மாமா பொய் சொன்னார் என்று முடிவுக்கு வந்தேன். பாவமாக இருந்தது.

"கடைசியா வந்தது ஒரு பெரிய விசயமில்லை, மாமா. நாங்களும் இண்டைக்குக் கடைசிதானே."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. மாமா என் பக்கம் திரும்பாமல், "ஓம் பிள்ளை, அது பெரிய விசயமில்லை" என்றார்.

அவரைத் தேற்றிவிட்டேன் என்ற நிம்மதியில், மடியில் கிடந்த பிளேசரின் மேல் தோடம்பழத்தை உரித்து வைத்துத் தின்றுகொண்டே வந்தேன்.