மஸ்கட் நேசையனும் கால்வாய்க்கரை ஏற்றமும்

“வண்டிக்க அடியில குனிஞ்சு பாக்கியவன் டிரைவரே இல்ல. எனக்குச் செவி போதுமாக்கும். எஞ்சின் ஒருக்கா இருமினா மதி, வண்டிக்க ஜாதகம் முழுக்கச் சொல்லுவேன்.”

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்த நேசையன் காரோடு ஊர்ச் சாயாக்கடையில் இப்படிப் பிரகடனம் செய்தபோது யாரும் மறுத்துப் பேசவில்லை. சாயா அவன் செலவு. அரபியின் வண்டியைப் பாலைவனத்தில் வருஷக்கணக்காக ஓட்டியவன் என்பது உண்மை. அத்தனை வருஷமும் அந்த வண்டிக்கு அடியில் படுத்தது ஒரு பாகிஸ்தான் பட்டாணி மெக்கானிக் என்பதும் உண்மை. அதைச் சொல்ல மட்டும் மறந்துவிட்டான்.

மறுபடி மஸ்கட் போக அவனுக்கு மனமில்லை. பழைய ஜீப் ஒன்று வாங்கி, சனி ஞாயிறுகளில் பொன்முடிக்கும் பேச்சிப்பாறைக்கும் குடும்பங்களை ஏற்றிப்போய்ப் பிழைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். மலைக்குப் போகிற வண்டி என்றால் நாலு சக்கரமும் இழுக்க வேண்டும். அதற்காக, குடியிருப்பவனுக்கே நிலம் என்று சட்டம் வந்தபோது ஜன்மி என்ற நிலக்கிழாரிடமிருந்து அப்பனுக்குக் கிடைத்த பத்து சென்டையும், அதில் நின்ற வீட்டையும் அடகு வைக்கத் துணிந்தான். மனைவி ரோசம்மா அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. ஆனால் ஜீப்பை ஓட்டிப் பார்த்த அன்று, அழைக்காமலே அதன் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

தரகர் கிருஷ்ணன்குட்டி கொண்டுவந்த ஜீப் பட்டாளத்தில் இருந்ததாம். நேசையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பானெட்டில் காதை வைத்து, நாடி பார்க்கும் வைத்தியன்போல் நெடுநேரம் நின்றான். “நல்ல தொண்டை” என்று தீர்ப்புச் சொன்னான். கால்வாய்க்கரைச் செம்மண் ஏற்றத்தில் வண்டி ஏறிவிட்டால் மறுநாளே அடகுப் பத்திரம் என்று பேச்சு.

முந்தின நாள் நல்ல மழை. பாதி ஏற்றம்வரை ஜீப் கம்பீரமாகப் போயிற்று. பிறகு வழுக்கியது. நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கிற சின்னக் கம்பியை நேசையன் இழுத்துப் போட்டான். எஞ்சின் அருமையாகப் பாடியது. வண்டி பின்னால் நகர்ந்தது. பிரேக்கை மிதிக்க மிதிக்கச் சேற்றில் சறுக்கிக்கொண்டே இறங்கியது. கீழே கால்வாய் நிறைய வெள்ளம்.

“சாரமில்ல, ஒண்ணும் ஆவாது, இப்பம் பிடிக்கும்” என்றார் கிருஷ்ணன்குட்டி. அவர் எப்போதோ இறங்கி ஒரு தென்னை மூட்டில் பத்திரமாக நின்றிருந்தார்.

ரோசம்மா பக்கவாட்டில் குதித்தாள். வழியோரத்து வெட்டுக்கல் ஒன்றைப் புரட்டிப் பின்சக்கரத்துக்குக் கீழே தள்ளினாள். ஜீப் கல்மீது ஏறப்பார்த்து, கொஞ்சம் யோசித்து, நின்றது.

“இன்னொருக்கா ஆக்சிலேட்டரை மிதியுங்க” என்றாள்.

மிதித்தான். அவள் குனிந்து பார்த்தாள்.

“பின்ன உள்ளது ரெண்டும் கறங்குது. முன்ன உள்ளது சும்மா இருக்கு. செவியில இது கேட்டில்லியா?”

நேசையன் எஞ்சினை அணைத்தான். டீசல் மிச்சம் பிடிக்க முன்சக்கரத்தைச் சுற்றவைக்க வண்டிக்கு அடியில் இருக்கும் ஷாஃப்டைக் கழற்றிப் போடுவது எல்லாரும் செய்கிறதுதான், கம்பி மட்டும் ஒரு அழகுக்குக் கிடக்கிறது என்று கிருஷ்ணன்குட்டி தென்னையிடம் சொல்வதுபோல் சொன்னார்.

பத்து சென்ட் அன்றைக்குத் தப்பியது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இருவரும் பாறசாலையில் வேறொரு ஜீப் பார்க்கப் போனார்கள். உடையவர் பெருமையாக எஞ்சினை முடுக்கினார். நேசையன் அதை அணைக்கச் சொன்னான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி ரோசம்மாவிடம் கொடுத்தான். கக்கத்தில் இடுக்கிக் கொண்டுவந்த சாக்கை விரித்து, வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தான். வெளியே தெரிந்தது மஸ்கட் ஷூ மட்டும்.