குமுளி மலையில் ஒரு சீட்டு, எங்கள் வீட்டுக்காரர் போட்ட சந்தைக் கணக்கு

போன ஜூன் கடைசியில் குமுளி போய் வந்தோம். தேக்கடியில் படகு விட்டீர்களா, யானை பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். நாங்கள் பார்த்தது ஒரு கல்லூரி வராந்தாவும் ஒரு டீக்கடையும்தான். பிள்ளையைச் சேர்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

எங்கள் மகள் தாரணி பன்னிரண்டாவது முடித்தாள். நல்ல மார்க்குதான். டாக்டரா, என்ஜினியரா என்று சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். அவளோ ஐந்து வருஷப் படிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். பட்டப் படிப்பும் மேல்படிப்பும் ஒரே மூச்சில். முதல் இரண்டு வருஷம் எல்லாமே படிக்கலாமாம்: வேதியியல், வரலாறு, கணக்கு, நாடகம், பொருளாதாரம். மூன்றாவது வருஷம்தான் எது தன்னுடையது என்று முடிவு செய்ய வேண்டும். அதாவது என்ன படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளவே இரண்டு வருஷம் படிக்க வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு, அப்புறம் எது வேண்டும் என்று சொல்கிற மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன். தாரணி இல்லை என்றாள். வேறு எப்படி என்று கேட்டால், "உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்கம்மா" என்று போய்விட்டாள்.

அந்தப் படிப்பு இருக்கிற கல்லூரி குமுளியிலிருந்து வண்டன்மேடு போகிற சாலையில் பத்து கிலோமீட்டர் தள்ளி, ஏலத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. முதல் பட்டியலில் இவள் பெயர் வரவில்லை. மிச்சம் இருக்கிற சீட்டுக்கு நேரில் வாருங்கள், வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி என்று செய்தி வந்தது.

இனி வழி. எங்கள் ஊர் வேலந்தாவளம், பாலக்காடு மாவட்டம். குமுளி, இடுக்கி மாவட்டம். இரண்டும் கேரளம். ஆனால் கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டைக் குறுக்கே கடப்பதுதான் சுருக்கு வழி. வியாழன் காலை ஆறு மணிக்கு என் தம்பி காரில் பொள்ளாச்சியில் இறக்கிவிட்டான். அங்கிருந்து பழனி இரண்டு மணி நேரம். பழனியிலிருந்து வத்தலக்குண்டு வழியாகத் தேனி மூன்றரை மணி நேரம், அதில் பாதி நேரம் எனக்கு நிற்க இடம், என் பைக்கு உட்கார இடம். தேனியிலிருந்து கம்பம் வழியாகக் குமுளி இரண்டு மணி நேரம். வத்தலக்குண்டில் சாப்பிட்டுவிடுங்கள், தேனி வரை தாங்காது. ஆளுக்கு பஸ் செலவு நானூறுக்குள் முடிந்தது. குமுளியில் மூன்று பேருக்கு ஒரு ரூம் தொள்ளாயிரம். வெந்நீர் உண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. பலகையில் மட்டும்தான் இருந்தது.

காலையில் ஜீப்புக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய். பத்து மணிக்கே போய்விட்டோம். வராந்தா நிறையக் கூட்டம். மிச்சம் மூன்று சீட்டு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். தாரணி பெயர் பட்டியலில் மூன்றாவது. முதல் ஆள் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டார். இரண்டாவது ஆள் வரவே இல்லை. ஆக, எங்கள் முறை வந்தபோது இரண்டு சீட்டு கையெட்டும் தூரத்தில் இருந்தது. பெற்றோரில் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்றார்கள். மலையாளம் சுத்தமாகப் பேசுவார் என்று எங்கள் வீட்டுக்காரரை அனுப்பினேன். அனுப்பினேன் பாருங்கள்!

அவர் மாட்டு வியாபாரி. எங்கள் வேலந்தாவளம் சந்தையில் பிடித்த மாட்டைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன வியாபாரி கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்த்து ஒரு குறை, சுழி பார்த்து ஒரு குறை, வாலைத் தூக்கி ஒரு குறை. அப்புறம் தோள் துண்டை எடுத்து ஒரு உதறு உதறிவிட்டு, இன்னும் ரெண்டு பாத்துட்டு வர்றேன் என்று நடந்துவிட வேண்டும். விற்கிறவர் பின்னாலிருந்து கூப்பிடுவார். அதுதான் வியாபாரம்.

உள்ளே போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. இவர் வெளியே வந்து துண்டை ஒரு உதறு உதறினார். அந்த உதறல் எதற்கென்று எனக்குத் தெரியும். இவர் நேராக வாசல் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் தாரணி, கண் சிவந்துபோய்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

"இரு புள்ள. அவசரப்படாத. கூப்புடுவாங்க."

"யாருங்க கூப்புடுவாங்க?"

"உள்ள இருக்கற டீச்சர்தான். சீட்டு மிச்சம் கெடக்குதில்ல? வெச்சுட்டு என்ன பண்ணுவாங்க?"

"அம்மா," என்றாள் தாரணி. "அஞ்சு வருசம் ரொம்ப நீளமுங்க, முடிச்சா என்ன வேலைன்னு நீங்களே சொல்ல மாட்டீங்கறீங்க, இன்னும் ரெண்டு காலேஜ் பாத்துட்டு வர்றமுங்கன்னு அந்த டீச்சர்கிட்டச் சொல்லிட்டாருங்கம்மா."

"வேற எந்தக் காலேஜுங்க பாத்தீங்க?"

"ஒண்ணும் பாக்கல. அப்பிடித்தான் சொல்லோணும். உன்னையப் பாக்க வந்தப்பயும் அப்பிடித்தான் சொன்னேன். உங்கப்பன் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஓடி வந்து கூப்புடல?"

"எங்கப்பாரு பண்ணுன அந்தத் தப்ப இந்த டீச்சரும் பண்ணுவாங்களா? அவங்க படிச்சவங்க!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த கம்பத்துக்காரர் கையை நிறுத்திவிட்டார். "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீக? இங்கன வேணாம்னு சொன்னா அம்புட்டுத்தான். அடுத்த ஆளக் கூப்ட்ருவாக."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளே அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். டீ கிளாஸ் எங்கள் வீட்டுக்காரர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. முப்பது வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாக அவரைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

மூன்று பேரும் ஓடினோம். டீச்சர் நடுத்தர வயது, மலையாளம் கலந்த தமிழ். கோபமில்லை, ஆச்சரியம்தான். "நிங்கதானே வேண்டாம்னு சொல்லிப் போனது? அடுத்த ஆளை விளிச்சாச்சு. இனி லிஸ்ட் முடியட்டும். கடைசியில சீட்டு இருந்தா விளிக்கலாம்."

லிஸ்ட் முடிய இன்னும் எட்டுப் பேர். சீட்டு இரண்டு.

அந்த வராந்தாவில் உட்கார்ந்த நான்கு மணி நேரத்தை எந்தத் தாய்க்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். தாரணி அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இவர் போகிறவர் வருகிறவரை எடை போட ஆரம்பித்தார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகளோடு உள்ளே போனார். "மூஞ்சியப் பாரு, இவரு சத்தியமா எடுக்க மாட்டாரு" என்றார். ஐந்தே நிமிஷத்தில் அவர் சீட்டு எடுத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். "உங்க கண்ணுக்கு மாடு மட்டுந்தானுங்க தெரியும், வாய மூடிட்டு உக்காருங்க" என்றேன். நிஜமாகவே மூடிக்கொண்டார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. 

மிச்சம் ஒரே சீட்டு. இரண்டு பேர் வரவில்லை. இரண்டு பேர், வேதியியல் மட்டும் போதும், நாடகமெல்லாம் வேண்டாம் என்று போய்விட்டார்கள். ஒரு பையனுக்கு வேறு ஊரில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு அம்மா ஐந்து வருஷமா என்று கேட்டு அங்கேயே நெஞ்சில் கை வைத்தார். கடைசி ஆள் அரை மணி நேரம் உள்ளேயே இருந்தார். அந்த அரை மணியில் நான் எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே தெரியாது. அவர் வெளியே வந்து, விடுதி வசதி போதாது என்று மகனிடம் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

மூன்றேகால் மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். யாரும் தடுக்கவில்லை, தடுக்கிற மாதிரி என் முகம் இல்லை.

டீச்சர் தாரணியைப் பார்த்தார். "இது உனக்கு இஷ்டமா?"

"ஆமாங்க டீச்சர். எனக்கு இதுதான் வேணும். அப்பா வேண்டாம்னு சொன்னது வேண்டாம்னு இல்லீங்க. எங்க ஊர்ல அப்பிடித்தான் வாங்குவாங்க."

"அப்படியா!" டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "சாரமில்ல, பரவாயில்ல. பக்ஷே போன வருஷம் ரெண்டு பேர் பாதியில வீட்டுக்குப் போயி. அச்சன், அவங்க அப்பா, வந்து விளிச்சுக் கொண்டுபோனது. அதனாலதான் அச்சன்கிட்டயும் கேக்கறேன். என்ன வேலைன்னு இப்பவும் நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. நிங்களுக்கு வேணுமா?"

இவர் கை மெதுவாகத் தோள் துண்டுக்குப் போனது. நான் கிள்ளுவதற்குத் தயாராக இருந்தேன். கை துண்டைப் பிடித்து, அப்படியே நின்றது. மகளைப் பார்த்தார்.

"வேணுமுங்க டீச்சர்," என்றார். சந்தையே அதிரப் பேசுகிற மனுஷன், பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது. டீச்சருக்குக் கேட்டிருக்குமோ என்று பயந்துபோய் இன்னொரு தடவை சொன்னார். "வேணுமுங்க."

சீட்டு கிடைத்தது.

போகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முந்தின நாளே குமுளி போய்விடுங்கள். ஜூனில் மழை விடாது, பையை பிளாஸ்டிக்கில் கட்டுங்கள். மூன்று வருஷத்தில் நிறுத்தினாலும் ஒரு பட்டம் கையில் தருவார்களாம், ஆனால் அதை நம்பிச் சேர்க்காதீர்கள் என்று டீச்சரே சொன்னார். திரும்பும்போது நாலரைக்குள் குமுளியில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் கம்பம் இறங்கிவிடலாம். வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். இன்னொன்று, அதுதான் முக்கியம்: இந்தப் படிப்பில் என்ன பிடித்தது என்று பிள்ளையிடம் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். புரியாது என்று அவள் சொன்னாலும் விடாதீர்கள்.

நாங்கள் திரும்பி வருகிற வழியில், மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் பஸ் போகும்போதுதான் கேட்டோம். அதுவும் இவர் கேட்டார், முன் சீட்டிலிருந்து திரும்பி. "ஏஞ் சாமி, அதுல உனக்கு என்னதான் புடிச்சுது?"

ஜன்னல் பக்கமிருந்த தாரணி அவரைப் பார்த்துத் திரும்பினாள். அப்புறம் ஆரம்பித்தாள். மழை ஏன் எங்கள் ஊர்ப் பக்கம் கம்மி என்பதில் தொடங்கி, அதனால் எங்கள் ஊருக்கு யார் யார் வந்து குடியேறினார்கள் என்று போய், அதனால் சந்தையில் விலை எப்படி ஏறுகிறது என்று எங்கேயோ போனாள். எனக்குப் பாதி புரிந்தது. இவருக்கு அதுவும் இல்லை, கழுத்து வலிக்கத் திரும்பியபடியே கேட்டார், ஒரு குறையும் சொல்லவில்லை. கம்பத்தில் பஸ் நின்றபோதும் அவள் முடிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் இறங்கட்டும் என்று உட்கார்ந்தே இருந்தோம்.