ஏழாம் அத்தியாயத்துக் கட்டுச்சோறு

மந்திரமூர்த்தி 1958-ல் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கினான். வாத்தியார் வேலையா, தாலுகா ஆபீஸா என்று தென்காசியில் அவன் தெருவே கேட்டது. புத்தகம் திருத்துகிற வேலைக்குப் போகப்போகிறேன் என்றான். "எவனோ எழுதினதைத் திருத்துததுக்கு உனக்கு எவன்லே சம்பளம் கொடுப்பான்?" என்றார் அப்பா. அவனுக்கும் அந்தப் பயம்தான் இருந்தது.

மறுவருஷம் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அவனைச் சோதித்துப் பார்க்க நினைத்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் ஆங்கிலத்தில் தட்டச்சடித்த சுயசரிதையை அனுப்பி, திருத்தி நேரில் கொண்டுவரச் சொன்னார். பிடித்திருந்தால் எடிட்டர் வேலை. இல்லாவிட்டால் அப்பா பேசிவைத்திருந்த அரிசி மண்டி.

கட்டு வந்து சேர்ந்த மாதம்தான் சரியில்லை. ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் தென்காசிக்காரனுக்கு வீடு சொந்தமில்லை. சும்மா ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகலாம் என்று வருகிற உறவு, குற்றாலத்தில் தண்ணீர் வற்றும்வரை நகராது. இவனுக்குச் சாத்தூர் அத்தை முப்பிடாதியம்மாள் குடும்பத்தோடு வந்து இறங்கினாள். கூடம் முழுக்க எண்ணெய்த் தலை. கொடி முழுக்க ஈரச்சேலை. தாளில் தண்ணீர் சொட்டிவிடுமோ என்று மேசையைத் தினம் ஒரு மூலைக்கு நகர்த்திக்கொண்டே சிவப்புப் பென்சிலால் திருத்தினான். ஏழாம் அத்தியாயத்தில் நீதிபதி தம் வம்சப் பெருமையையெல்லாம் கொட்டியிருந்தார். அடித்து அடித்துத் தாளே சிவந்துவிட்டது. பெரிய மனிதர் எழுத்தில் கைவைக்க நாம் யார் என்று உள்ளே உதறலாகவும் இருந்தது.

ரயிலேற வேண்டிய நாள் காலையில் கட்டைப் புரட்டினான். ஆறுக்கு அடுத்து எட்டு இருந்தது.

"அத்தை ஐந்தருவிக்குக் கட்டுச்சோறு கட்டுனாவ. எலைக்கு மேல சுத்துததுக்குத் தாள் தேடிக்கிட்டு இருந்தாவ" என்றாள் அம்மா.

சைக்கிளை மிதித்த மிதியில் சட்டை நனைந்தது சாரலிலா வியர்வையிலா என்று அவனுக்கே தெரியாது. ஐந்தருவியில் அத்தை குளித்து, சாப்பிட்டு, தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் எண்ணெய் ஊறிய ஒரு தாளைக் குரங்கு கிழித்துக்கொண்டிருந்தது. மற்றவை ஓடைத் தண்ணீரோடு போயிருந்தன.

"மேசையில இருந்த தாளை எடுத்தியளா அத்தை?"

"எடுத்தேன். பூராம் செவப்பா அடிச்சுல்லா போட்டிருந்த? வேண்டாத தாளுன்னு நெனைச்சேன். அடிக்காத தாள் ஒண்ணைக்கூட நான் தொடலலே."

அவனுக்கு அழுகை வந்தது. புளிச்சோறு மிச்சம் இருக்கிறது, சாப்பிடு என்றாள் அத்தை.

ரயில் முழுக்கப் பொய்களாக யோசித்தான். தபாலிலேயே வரவில்லை, மழையில் ஊறிப்போயிற்று என்று வழிநெடுக நிறைய கிடைத்தன. பதிப்பாளர் தாள்களைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, "ஏழாவது எங்கே?" என்று கேட்டபோது அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது அத்தையின் பேச்சுதான்.

"பூராம் சிவப்பா அடிச்சிருந்தது, சார். வேண்டாத தாளுன்னு..."

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். மண்டி மூட்டைகள் மந்திரமூர்த்தியின் கண்முன் வந்து நின்றன.

"ரெண்டு வருஷமா அதை எடுத்துடுங்கன்னு நீதிபதிகிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. நீர் எடுத்தே போட்டுட்டீர்" என்றார் அவர். "நகல் என்கிட்ட இருக்கு, அவர் கேட்டா நான் பார்த்துக்கறேன். திங்கட்கிழமை வேலைக்கு வந்துடும்."

அத்தையைப் பற்றிச் சொல்லிவிட வாயைத் திறந்தான். வேலை போய்விடுமே என்று மூடிக்கொண்டான்.

திங்கட்கிழமை அவன் மேசையில் வேறொரு தடித்த கட்டு இருந்தது. "வேண்டாததை நீரே பார்த்து எடுத்துடும். உம் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார் பதிப்பாளர்.

மந்திரமூர்த்தி பென்சிலைச் சீவினான். மறுபடியும் சீவினான். அத்தை பக்கத்தில் இருந்தால் தேவலை என்று அவனுக்கு முதன்முதலாகத் தோன்றியது.